ஐகான் 1.6-க்குச் சரியான ரேடியேட்டர் எது?

பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும்போது வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறத் தொடங்கினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். போன ஏப்ரலில் எனக்கு அதுதான் நடந்தது. ஏசியை அணைத்தேன், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன், ஜன்னல்களை இறக்கி ஓரங்கட்டினேன். பானெட்டைத் திறந்ததும் கூலன்ட்டின் இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கில், மேல் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். வண்டி 2002-ஆம் ஆண்டு ஃபோர்டு ஐகான் 1.6. அந்தப் பிளாஸ்டிக்குக்கும் அதே வயது. இருபது கோடைக்கு மேல் தாங்கிய பொருளைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம், எதை வாங்கிப் போடுவது என்ற ஒரே யோசனையில் போனது. மெக்கானிக் ஒன்று சொன்னார், ஸ்பேர்ஸ் கடைக்காரர் வேறொன்று சொன்னார், ரேடியேட்டர் கடைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். மூன்று பேரும் அவரவர் வேலைக்கு எது பழக்கமோ அதைச் சொன்னார்கள். என் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை நானே உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐகான் 1999-இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்தது. நான்காம் தலைமுறை ஃபியஸ்டாவின் அடித்தளத்தில், பின்னால் டிக்கி வைத்து நம் ஊருக்காக வடிவமைத்த கார். அதில் 1.6 ரோகாம் இன்ஜின் வந்த வண்டிதான் ஓட்டப் பிடித்தவர்கள் தேடுகிற வண்டி. 8 வால்வு, டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின், 92 குதிரைத்திறன். இன்றைக்கு அது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் அந்த இழுவையும், ரோட்டில் என்ன நடக்கிறது என்று கைக்குச் சொல்லும் அந்த ஸ்டீயரிங்கும் இன்றைய வண்டிகளில் கிடைப்பதில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு வெகு முன்பே 1.6 ரோகாம் ஐகான் நின்றுவிட்டது. ஆகவே இதை வைத்திருப்பவர்கள் உதிரிபாகத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். பழைய லான்சர், சிட்டி விடெக், பாலியோ 1.6 வைத்திருப்பவர்களுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். தேடும் முறையும் இதேதான்.

காசை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: கெட்டது ரேடியேட்டர்தானா? ரோகாம் இன்ஜினில் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) உட்காரும் கூடும் பிளாஸ்டிக்தான். வயதானால் அதுவும் வெடிக்கும். அங்கிருந்து கசியும் கூலன்ட் சூட்டில் ஆவியாகிவிடுவதால், தரையில் சொட்டு விழாமல் பாட்டிலில் மட்டும் அளவு குறைந்துகொண்டே போகும். புது ரேடியேட்டர் போட்டும் சூடு ஏறுகிறது என்று புலம்பும் பலருக்குக் கடைசியில் அந்தக் கூடுதான் காரணமாக இருக்கிறது. அதைச் சுற்றி வெள்ளையாகவோ நிறமாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி போட்டதும் முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கூலன்ட் பாட்டிலில் குமிழி ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும்; அது வேறு செலவு.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்று பார்க்க லேசர் தெர்மாமீட்டர் ஒன்று போதும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, மேல் ஹோஸ் சுடும் நிலைக்கு வந்தபின் ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து வாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும் என்பதால் அங்கங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். தண்ணீர் நுழையும் பக்கம் சூடு அதிகம், வெளியேறும் பக்கம் குறைவு; இடையில் சீராக இறங்கி வந்தால் நல்லது. நடுவில் ஓரிடம் மட்டும் திடீரென்று ஆறிப்போய்க் கிடந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. என் வண்டியில் கீழ்ப்பகுதியில் ஒரு கை அகலத்துக்கு அப்படிக் கிடந்தது. விரிசல் இல்லாவிட்டாலும் அந்த ரேடியேட்டர் போகவேண்டிய ஒன்றுதான்.

இங்கே ஒரு வேண்டுகோள். சூடு ஏறுகிறது என்று சொன்னால், 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டரின் குறையை அது மறைக்குமே தவிர தீர்க்காது.

சரி, ரேடியேட்டர்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்து, எதைக் கேட்டு வாங்குவது? 'ஐகான் ரேடியேட்டர்' என்று கேட்டால் போதாது. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு கடையில் அப்படிக் கேட்டு வாங்கி வந்தேன். பெட்டியில் 'ஐகான்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. எந்த இன்ஜின் என்று இல்லை. ஐகானில் 1.3 பெட்ரோல், 1.6 பெட்ரோல், 1.8 டீசல் என்று பல வகை உண்டு. வீட்டில் தரையில் பழைய சாக்கை விரித்து, பழைய ரேடியேட்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். முதல் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பழைய ஹோஸைப் புதியதின் கீழ்க் கழுத்தில் மாட்டிப் பார்த்தால் ஏறவில்லை. ஃபேன் கூட்டைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு பக்கக் கொக்கி உட்கார்ந்தது, மறுபக்கம் ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. திருப்பிக் கொண்டுபோனபோது, ஹோஸ் மாட்டிய கறை கழுத்தில் இருக்கிறது என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வேலை செய்தேன். ஒன்று, பழைய ரேடியேட்டரில் எண் தேடினேன். ஃபோர்டின் பாக எண்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எண் மூன்று துண்டாக இருக்கும். நடுவில் இருக்கும் துண்டு அது என்ன பொருள் என்று சொல்லும்: ரேடியேட்டர் என்றால் 8005. தண்ணீர் பம்ப் 8501, தெர்மோஸ்டாட் 8575, மேல் ஹோஸ் 8260, கீழ் ஹோஸ் 8286. எந்த நாட்டு ஃபோர்டானாலும் பெரும்பாலும் இந்த நடு எண் மாறாது. முன்துண்டு எந்த ஆண்டில், எந்த வண்டிக்காக வரைந்த பாகம் என்பதைச் சொல்லும். கடைசியில் வரும் எழுத்துகள் எந்த வகை, எத்தனையாவது திருத்தம் என்பதைச் சொல்லும். நம்மைச் சிக்க வைப்பது இந்தக் கடைசி எழுத்துகள்தான். முன்னும் நடுவும் ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மட்டும் மாறினால் கழுத்தின் கோணமோ ஏசிக்கான அமைப்போ மாறியிருக்கலாம். எண் பெரும்பாலும் பக்கத்து டேங்கில் ஸ்டிக்கராகவோ பிளாஸ்டிக்கிலேயே பதித்தோ இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். சுரண்டினால் ஸ்டிக்கரோடு எண்ணும் போய்விடும். துடைத்ததும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அளந்தேன். கோர், அதாவது குழாயும் தகடும் அடங்கிய நடுப்பகுதியின் நீளம், உயரம், கனம் அதாவது தடிமன் (டேங்கைச் சேர்க்காமல்). இரண்டு ஹோஸ் கழுத்துகளின் வெளிவிட்டம், அவை எந்தப் பக்கம், எந்தக் கோணம். கீழே ரப்பர் புஷ்ஷில் உட்காரும் இரண்டு முளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் வரை தூரம். ஃபேன் கூடு மாட்டும் இடங்கள். முன்னால் ஏசி கண்டென்சரைத் தாங்கும் காதுகள். கூலன்ட் பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாய், தண்ணீர் வடிக்கும் திருகு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் இரண்டு குழாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பட்டியலாக எழுதுவதைவிட, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் ரேடியேட்டரை வைத்துப் பேனாவால் சுற்றிலும் வரைந்து, முளையும் கழுத்தும் வரும் இடங்களைக் குறித்துவிட்டால் போதும். கடைக்கு அந்த அட்டையைச் சுருட்டி எடுத்துப் போகலாம். பழைய ரேடியேட்டரையே தூக்கிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. கோரின் கனத்தை மட்டும் மறக்காமல் அளந்து எழுதுங்கள். 16 மி.மீ. கோரும் 26 மி.மீ. கோரும் முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

பலரும் முதலில் ஆசைப்படுவது கம்பெனிப் பெட்டியில் வந்த, யாரோ விற்காமல் வைத்திருக்கும் பழைய சரக்கு. எனக்கும் அந்த ஆசை இருந்தது. வெளியூர்க் கடை ஒன்றில் இருப்பதாகத் தகவல் கிடைத்துப் போய்ப் பார்த்தேன். பெட்டி மஞ்சளாகியிருந்தது, உள்ளே ரேடியேட்டர் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. டேங்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் சட்டைப் பொத்தான் அளவு வட்டம். வட்டத்தைச் சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்பின் இரு பக்கமும் 0, 3. பிளாஸ்டிக் பாகங்களை அச்சில் வார்க்கும்போது எந்த மாதம், எந்த ஆண்டு என்று பதிக்கும் குறி அது. அம்பு 8-ஐக் காட்டியது. அதாவது 2003 ஆகஸ்ட். ஓடாத பொருள் கெடாது என்று கடைக்காரர் சொன்னார். அது பாதி உண்மை. அலுமினியக் கோருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கோரையும் பிளாஸ்டிக் டேங்கையும் இணைக்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. அலுமினிய விளிம்பை மடக்கி அதை அழுத்தி வைத்திருப்பார்கள். இருபது ஆண்டு ஒரே நிலையில் அழுந்திக் கிடந்த ரப்பர், சூடும் அழுத்தமும் மாறி மாறி வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு யாரும் கை அடித்துச் சத்தியம் செய்ய முடியாது. அளவு அச்சாகப் பொருந்தும் என்பது இந்த வழியின் பெரிய பலம்; வேறெதிலும் அந்த உறுதி கிடைக்காது. வண்டியைப் பிறந்த மேனியாக வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுப்பவர் என்றால் வாங்குங்கள். தினமும் ஓட்டுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். நானும் வாங்கவில்லை.

அடுத்தது புதுப்பேட்டை. சென்னையில் பழைய வண்டிப் பாகம் என்றால் கால் தானாக அங்கேதான் போகும். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, மீட்டர், ஏன், கியர் பாக்ஸ் வரைக்கும் அங்கே நம்பி வாங்குவேன். ரேடியேட்டர் மட்டும் வேண்டாம். உங்களுடையது எந்த வயதில் வெடித்ததோ அதே வயதுப் பிளாஸ்டிக்கைத்தான் அங்கும் வாங்குகிறீர்கள். அட்டையைக் காட்டியதும் அங்கிருந்த பாய் ஒருவர் எடுத்துப் போட்ட ரேடியேட்டர் அளவில் மிகச் சரியாக இருந்தது. டேங்கின் நிறம் மட்டும் கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தது. கழுத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு அவரே கீழே வைத்துவிட்டார். "இத வாங்காதீங்க சார், ஆறு மாசத்துல என்னத் திட்டுவீங்க. ஃபேன் கூடு வேணுமா, அது நல்லா இருக்கு" என்றார். ஃபேன் கூட்டை வாங்கிக்கொண்டேன். என்னுடையதில் ஒரு கொக்கி ஏற்கெனவே உடைந்திருந்தது. நல்ல வியாபாரிக்கு அதுதான் அழகு.

ரேடியேட்டர் கடைகளில் சொல்வது இரண்டு. டேங்கை மட்டும் மாற்றுவது முதல் யோசனை. மடக்கிய விளிம்பை நிமிர்த்தி, பழைய டேங்கைக் கழற்றி, புது டேங்கும் கேஸ்கெட்டும் வைத்து மறுபடி மடக்குவார்கள். கோர் சுத்தமாக இருந்து, டேங்கும் சரியான அச்சில் கிடைத்தால் இது மலிவான, நாணயமான வேலை. ஆனால் அலுமினிய விளிம்பை ஒருமுறை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் சில பற்கள் ஒடியும். என் கோர் அடைத்தும் இருந்ததால் இது எனக்கு ஒத்துவரவில்லை. விரிசலில் எம்-சீல் பூசுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். அதை ரிப்பேர் என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது யோசனையைத்தான் நான் அதிக நாள் யோசித்தேன்: செம்புக் கோர், பித்தளை டேங்க் வைத்துப் புதிதாகக் கட்டித் தருவது. நம் ஊரில் இந்தக் கைத்தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. டேங்கைச் சூடுகாட்டிக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டு அடைப்பை எடுத்து, ஈயம் வைத்துப் பூட்டுகிற கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செம்பு, அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும், ஆகவே செம்பு ரேடியேட்டர்தான் நன்றாகக் குளிர்விக்கும் என்பார்கள். உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சரி. ஆனால் ரேடியேட்டர் வெறும் உலோகத் துண்டு இல்லை. அலுமினியம் லேசாகவும் விறைப்பாகவும் இருப்பதால் அகலமான தட்டைக் குழாய்களாகச் செய்ய முடிகிறது. அகலம் கூடினால் குழாயும் தகடும் தொடும் பரப்பு கூடும். தகடும் குழாயும் உலையில் ஒன்றாக உருகி ஒட்டியிருக்கும், நடுவில் ஈயம் கிடையாது. அதனால் ஒற்றை வரிசை அலுமினியக் கோர் செய்யும் வேலைக்குச் செம்பில் இரண்டு மூன்று வரிசை தேவைப்படலாம். வரிசை கூடக் கூட எடையும் கனமும் கூடும். ஐகானில் ரேடியேட்டர் உட்காரும் ரப்பர் புஷ்களும் ஃபேன் கொக்கிகளும் அந்த எடையை நினைத்துச் செய்தவை அல்ல.

இருந்தாலும் செம்புக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. திண்டிவனத்திலோ திருமங்கலத்திலோ வழியில் ஒழுகினால், பக்கத்து ரேடியேட்டர் கடையில் ஒரு மணி நேரத்தில் அடைத்துத் தருவார்கள். அம்பாசடர், காண்டெஸா போலச் செம்பு ரேடியேட்டரோடே பிறந்த வண்டி என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அங்கே அளவும் எடையும் அதற்கென்றே அமைந்தவை. ஐகானுக்கு, புது ரேடியேட்டரே கிடைக்காமல் போகும் நாளில் இந்த வழி காப்பாற்றும்.

பிறகு, படத்தில் பார்த்ததும் மயங்க வைக்கும் முழு அலுமினிய ரேடியேட்டர். டேங்கும் அலுமினியம், ஆர்கான் வெல்டிங், கண்ணாடிபோல் மினுக்கம், கோர் இரண்டு மடங்கு கனம். ரேஸ் வண்டிகளில் இருப்பதால் நம் வண்டிக்கும் நல்லது என்று தோன்றும். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக்கில் சுற்றுக்குச் சுற்று உச்சச் சுழற்சியில் ஓட்டுபவருக்கும், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுபவருக்கும் அது நிச்சயம் நல்லது. அங்கே இன்ஜின் விடாமல் சூட்டைக் கொட்டும். எதிர்க்காற்றும் பலமாக வரும். கனமான கோர் ஊடாகவும் அந்தக் காற்று புகுந்து போகும். பெருங்களத்தூரில் நிலைமை நேர்மாறு. வண்டி நிற்கிறது. காற்று என்றால் அந்த ஒரு ஃபேன் இழுக்கும் காற்றுதான். முன்னால் ஏற்கெனவே ஏசி கண்டென்சர் மறித்து நின்று சுடுகாற்றைத் தள்ளுகிறது. அதன் பின்னால் கோரின் கனத்தை இரட்டிப்பாக்கினால், அதே ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுக்கத் திணறும். நெரிசலில்தான் சூடு ஏறுகிறது என்றால் கனமான கோர் மருந்து இல்லை. ஃபேனும் அதன் கூடும்தான் மருந்து. கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஃபேனை மட்டும் கட்டிவைக்கும் பழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் ஃபேன் தனக்கு நேராக இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் இன்ஜினின் சாதாரணச் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட்தான். நன்றாக ஓடும் வண்டியில் பெரிய ரேடியேட்டரைப் போட்டால் முள் கீழே இறங்கி நிற்காது. உச்சத்தில் தாங்கும் சக்தி மட்டும் கூடும். அந்த உச்சத்தை ரோட்டில் நாம் தொடுவது அபூர்வம். தவிர, முழு உலோக டேங்கை விறைப்பாக போல்ட் போட்டுக் கட்டினால் நம் வேகத்தடைகளின் அதிர்வில் வெல்டிங் ஓரம் விரியும். கட்டினால் ரப்பர் வைத்துத்தான் கட்ட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இன்னொரு வழி. ஐரோப்பாவில் அதே தலைமுறை ஃபியஸ்டா பெருமளவு விற்றது. ஆனால் அங்கே அதில் வந்தவை வேறு இன்ஜின்கள். நம் 1.6 ரோகாம் அங்கே 2003 முதல் ஸ்போர்ட்கா, ஸ்ட்ரீட்கா என்ற சின்ன வண்டிகளில் போனது. தென் ஆப்பிரிக்காவில் ஐகானும் விற்றது, பாண்டம் என்ற பிக்கப்பிலும் இதே இன்ஜின் ஓடியது. அங்கே இன்னும் நிறைய ஓடுகின்றன. ஆகவே வெளிநாட்டில் தேடுவதென்றால் 'ஃபியஸ்டா 1996–2002' என்று தேடுவதைவிட அந்தப் பெயர்களைப் பிடித்துத் தேடுவது பலன் தரும். டென்மார்க்கின் நிசன்ஸ், நெதர்லாந்தின் என்ஆர்எஃப் போன்ற ரேடியேட்டர் கம்பெனிகளின் பட்டியலில் கோரின் அளவு மி.மீ. கணக்கில் கொடுத்திருப்பார்கள், நம் அட்டையோடு அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு சுவையான செய்தி: அந்த என்ஆர்எஃப்-ஐ 2010-இல் வாங்கியது வதோதராவின் பாங்கோ என்ற நம் ஊர் ரேடியேட்டர் கம்பெனி. அப்படியிருக்க, வரியும் கப்பல் செலவும் கொடுத்து, வந்த பொருள் பொருந்தாவிட்டால் திருப்ப வழியில்லாத ஒன்றை ஏன் வாங்க வேண்டும்? இங்கே எதுவுமே கிடைக்காத வண்டிக்கு மட்டும்தான் இந்தப் பாதை.

மீதி இருப்பது இந்தியாவிலேயே செய்து விற்கும் புது ரேடியேட்டர். அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க், வண்டியோடு வந்ததைப் போலவே. நான் போட்டது இதைத்தான். ரோட்டில் ஓட்டும் ஐகான் 1.6-க்கு நான் சொல்வதும் இதைத்தான். வடிவம் பழையதுதான், ஆனால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் புதியவை. எடை அதேதான், ஃபேனும் கண்டென்சரும் பழைய இடத்தில் உட்காரும். எனக்கு 4,200 ரூபாய் ஆனது. செம்பில் கட்ட எனக்குச் சொன்ன விலை இதைவிட அதிகம். ஆர்கான் வெல்டிங் ரேடியேட்டர் இதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. ஒரே வண்டிக்கு ஒரே உருவத்தில் நல்லதும் மட்டமானதும் கிடைக்கின்றன. எண்ணைச் சொல்லி, அட்டையைக் காட்டி, பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். குழாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் தகடுகளை ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். நான் ஸ்கேல் வைத்து, கூர்மையான பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். கடைப் பையன் நாற்காலி எடுத்துப் போட்டான். முதலில் காட்டிய மலிவான ரேடியேட்டரில் பழையதைவிட நான்கு தகடுகள் குறைவு. அங்குலத்துக்கு நான்கு என்றால் முழு அகலத்துக்கும் எத்தனை போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவதாகக் காட்டியதில் எண்ணிக்கை சரியாக இருந்தது. மளிகைக்கடைத் தராசு கிடைத்தால் எடையும் போடலாம். தண்ணீர் வடித்த பழையதைவிடப் புதியது தெளிவாக லேசாக இருந்தால், எங்கோ அலுமினியத்தைக் குறைத்திருக்கிறார்கள். கழுத்தின் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். அச்சு சேரும் கோட்டில் பிசிறு நிற்கிறதா? டேங்கைச் சுற்றி மடக்கிய பற்கள் ஒரே சீராக இருக்கின்றனவா? தேதி வட்டத்தையும் மறக்காமல் பாருங்கள். என்னுடையதில் வாங்குவதற்கு ஏழு மாதம் முந்தைய தேதி இருந்தது.

வாங்கியபின் மாட்டுவதிலும் பாதி வெற்றி இருக்கிறது. கீழ்ப் புஷ்கள் இரண்டையும், ஹோஸ் இரண்டையும், தெர்மோஸ்டாட்டையும் அதன் கூட்டையும் இந்த ஒரே கையோடு மாற்றிவிடுங்கள். பாட்டில் மூடியையும் மாற்றுங்கள். 1 பார் அழுத்தத்தை மூடி தாங்கினால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் கலந்தது அதற்கும் மேலே தாங்கும். மூடி தளர்ந்துவிட்டால் அந்தக் காப்பு போச்சு. நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, கூலன்ட் எதற்கு என்று போர்த் தண்ணீரை ஊற்றுவார்கள். சென்னைப் போர்த் தண்ணீரில் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் குழாய்க்குள்ளும் படியும். என் பழைய ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தபோது கீழ்க் குழாய்களில் சுண்ணாம்பு அடைத்து ஊசி நுழைய இடமில்லை. எனக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர்களோ நானோ, யாரோ ஊற்றிய தண்ணீர். அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட்டையும் டிஎம் தண்ணீரையும் (உப்புகள் நீக்கிய தண்ணீர்) பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஏற்கெனவே இருக்கும் வகை தெரியாவிட்டால் முழுவதும் வடித்துக் கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள். பச்சையையும் ஆரஞ்சையும் கலக்காதீர்கள்.

எர்த் ஒயர் எதையும் ரேடியேட்டரில் கட்டியிருக்கக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையைக் கூலன்ட்டுக்குள் உலோகத்தைத் தொடாமல் விடுங்கள். ஃபேனும் லைட்டும் ஓடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எங்கோ எர்த் கெட்டுப்போய் மின்சாரம் தண்ணீர் வழியாகப் போகிறது. அப்படியே விட்டால் அது புது அலுமினியத்தை உள்ளிருந்தே அரித்துவிடும்.

காற்று வெளியேற்றுவதற்கு ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். அப்புறம் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை இன்ஜினை ஓட விடுங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பாட்டிலைப் பாருங்கள். அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். என்னுடையதில் ஒரு டம்ளர் இறங்கியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து கோடு அசையவில்லை. மே மாதம் முழுக்க ஜிஎஸ்டி சாலையில் ஏசியோடு ஓட்டினேன், முள் நடுவிலேயே நின்றது. பாக எண்ணை எழுதிய அந்த அட்டையின் துண்டைக் கத்தரித்து, டாஷ்போர்டு பெட்டிக்குள் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.